நாடக இயக்குநர் கல்வியும் தொழிலிடப் பயிற்சியும்: ஒரு வரலாறு

நாடக இயக்கத்தை முதுநிலைப் பாடமாகப் பயிலும் மாணவர், படிப்பின் ஒரு பகுதியாகத் தொழில்முறை நாடக அரங்கு ஒன்றில் குறிப்பிட்ட காலம் பணிபுரிந்து கற்பது தொழிலிடப் பயிற்சி எனப்படும். ‘பிளேஸ்மென்ட்’, ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயர்களாலும் இது அறியப்படுகிறது. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் இத்தகைய பயிற்சி நெடுங்காலமாக உள்ளது. நாடக இயக்கத்தில் இதன் வரலாறு நூறாண்டு அளவினதே.

மற்றக் கலைகளைக் கற்பவருக்கு இல்லாத ஓர் இடர் இயக்குநருக்கு உண்டு. எழுத்தாளர் தனியே அமர்ந்து எழுதிப் பழகலாம். ஓவியர் தாளில் வரைந்து பழகலாம். நடிகரும் பாடகரும்கூட ஓரளவு தனியே சாதகம் செய்யலாம். இயக்குநர் அவ்வாறு பழக இயலாது. அவருடைய கருவி பிற மனிதர்கள். நடிகர்கள், ஒளியமைப்பாளர், தச்சர், தையல்காரர், இறுதியாகப் பார்வையாளர் என எல்லோரும் இருந்தால்தான் அவர் தொழிலைப் பழகவே முடியும். அவர்களை ஒன்றுகூட்டப் பணம் வேண்டும். இன்னும் எதையும் செய்து காட்டாத ஓர் இளைஞருக்கு அந்த மேடையையும் பணத்தையும் யார் தருவார்கள் என்ற கேள்விக்கு வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகளே இந்தப் பயிற்சியின் வரலாறு ஆகும்.

இயக்குநர் தனித் தொழிலாதல்

நாடகம் மிகப் பழைய கலை. இயக்குநர் என்ற தனிப் பணியாளர் புதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மேடையை ஒழுங்குசெய்யும் வேலையைத் தலைமை நடிகரோ, நாடகாசிரியரோ, மேடை மேலாளரோ செய்துவந்தனர். ஜெர்மனியில் சாக்சே-மைனிங்கன் என்ற சிறு அரசின் கோமகன் இரண்டாம் கியோர்க்கின் நாடகக் குழு 1874 முதல் 1890 வரை ஐரோப்பா முழுவதும் பயணம் செய்தது. ஒருவரே முழுக் காட்சியையும் திட்டமிட்டு, கூட்டக் காட்சியில் நிற்கும் கடைசி நடிகர்வரை ஒழுங்குபடுத்தும் முறை இக்குழுவால் பரவலாக அறியப்பட்டது. பாரிஸில் எரிவாயு நிறுவன எழுத்தராக இருந்த ஆந்த்ரே அந்துவான் 1887-இல் ‘தியேட்டர் லீபர்’ என்ற சுதந்திர அரங்கைத் தொடங்கினார். மைனிங்கன் குழுவின் நாடகங்களை 1890-இல் மாஸ்கோவில் பார்த்த ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, நெமிரோவிச்-தாஞ்சென்கோவுடன் சேர்ந்து 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் திறந்தார்.

இவர்களில் எவரும் இயக்கத்தைப் பள்ளியில் கற்றவர் அல்லர். அவரவர் தமக்கென ஒரு குழுவை உருவாக்கிக்கொண்டு, அதை நடத்தியபடியே கற்றனர். செல்வமோ, பதவியோ, பெருந்துணிவோ உள்ளவர்க்கே இது இயலும். அடுத்த தலைமுறை வேறு வழி தேட வேண்டியிருந்தது.

மாஸ்கோ: அரங்கினுள் பள்ளி, பள்ளியிலிருந்து அரங்கு

முதல் விடை மாஸ்கோவில் உருவானது. மாஸ்கோ கலை அரங்கு 1912-இல் ‘முதல் ஸ்டூடியோ’ என்ற சோதனைக் கூடத்தை அமைத்தது. லியோபோல்ட் சுலெர்ஜிட்ஸ்கி அதை வழிநடத்தினார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் எவ்கெனி வக்தாங்கோவ். வக்தாங்கோவ் நடிப்புப் பள்ளி மாணவராக இருந்தபோதே, 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெத்தர்லிங்கின் ‘நீலப்பறவை’யைப் பாரிஸில் அரங்கேற்றச் சென்ற சுலெர்ஜிட்ஸ்கிக்கு உதவியாளராக உடன் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1913-இல் முதல் ஸ்டூடியோவில் தாமே ஒரு நாடகத்தை இயக்கினார். முதலில் உதவியாளராக அமர்ந்து பார்ப்பது, பிறகு சிறிய மேடையில் சொந்தமாகச் செய்வது என்ற இந்த இரு படிகளும் இன்றுவரை பல தொழிலிடப் பயிற்சித் திட்டங்களில் காணப்படுகின்றன.

புரட்சிக்குப் பின் மேயர்ஹோல்ட் 1918-இல் பெத்ரோகிராடில் அரங்காக்கக் கலைக்கான வகுப்புகளைத் தொடங்கினார். 1921-இல் மாஸ்கோவில் அவர் தலைமையில் இயங்கிய உயர்நிலை இயக்குநர் பட்டறையில் பயின்றவர்களுள் பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஐசென்ஸ்டைனும் ஒருவர். 1930-களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் அரசு நாடகக் கலை நிறுவனமான ‘கித்தீஸ்’ இயக்கத்துக்கெனத் தனிப் புலத்தை ஏற்படுத்தியது.

சோவியத் கல்விமுறையில் இயக்குநர் மாணவரின் இறுதித் தேர்வு என்பது தொழில்முறை அரங்கு ஒன்றில் அவர் இயக்கும் பட்டமளிப்பு நாடகமே. அரங்குகள் அரசுக்கு உரியவை. ஒவ்வொன்றிலும் மாதச் சம்பளம் பெறும் நிரந்தர நடிகர் குழு இருந்தது. ஆகவே மாணவரை அனுப்ப இடம் தேடி அலைய வேண்டியதில்லை. லித்துவேனியாவின் எய்முண்டாஸ் நெக்ரோஷியஸ் கித்தீஸில் படிப்பை முடிப்பதற்கு முந்தைய ஆண்டான 1977-இல் வில்னியஸ் இளைஞர் அரங்கில் ஷீலா டெலானியின் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ நாடகத்தை இயக்கினார். அதே அரங்குதான் பின்னர் அவரை உலகறியச் செய்தது. படிப்பு முடிந்ததும் அரசு காட்டும் ஊரில் மூன்று ஆண்டுகள் பணிசெய்ய வேண்டும் என்ற விதியும் இருந்தது. வேலை உறுதி, ஆனால் ஊரையும் நாடகத்தையும் தேர்வுசெய்யும் உரிமை குறைவு. தணிக்கையும் உடனிருந்தது.

யேல்: மருத்துவமனை போன்ற ஓர் அரங்கு

அமெரிக்காவில் அரசு அரங்குகள் இல்லை. அங்கு இப்பொறுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றது. ஹார்வர்டில் நாடக எழுத்துப் பட்டறை நடத்திவந்த ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், அங்கே தமக்கு ஓர் அரங்கம் கிடைக்காத நிலையில் 1925-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். எட்வர்ட் ஹார்க்னெஸ் அளித்த பத்து லட்சம் டாலர் நன்கொடையால் அங்கு நாடகத் துறையும் அரங்கமும் உருவாயின. இயக்கம், எழுத்து, வடிவமைப்பு ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் முறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பரவியது.

ஆனாலும் பல்கலைக்கழக மேடை மாணவர் மேடையாகவே இருந்தது. யேலில் இரண்டு ஆண்டு படித்த எலியா கஸான், 1932-இல் நியூயார்க்கின் ‘குரூப் தியேட்டர்’ குழுவில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மேடை மேலாண்மை முதல் விளம்பரம்வரை அங்குக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். தொழிலை முழுமையாக அறிய, பட்டப்படிப்புக்கு வெளியே தாமாக ஒரு தொழிலிடத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலையே அப்போது இருந்தது.

அந்த இடைவெளியை 1966-இல் ராபர்ட் புருஸ்டீன் நிரப்பினார். யேல் நாடகப் பள்ளியின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், அதே ஆண்டில் ‘யேல் ரெபர்டரி தியேட்டர்’ என்ற தொழில்முறை அரங்கை நிறுவினார். மருத்துவக் கல்லூரிக்கு இணைப்பு மருத்துவமனை எப்படியோ, அப்படியே நாடகப் பள்ளிக்கு இந்த அரங்கு. மாணவர்கள் அங்கே தொழில்முறைக் கலைஞர்களுடன் உதவி இயக்குநர்களாகவும் மேடை மேலாளர்களாகவும் வடிவமைப்பாளர்களாகவும் பணிபுரிந்தனர். 1979-இல் புருஸ்டீன் ஹார்வர்டுக்குச் சென்றபின் பள்ளியின் தலைமையை லாய்ட் ரிச்சர்ட்ஸ் ஏற்றார். 1959-இல் பிராட்வேயில் ‘எ ரெய்சின் இன் தி சன்’ நாடகத்தை இயக்கியவர் அவர். ஆகஸ்ட் வில்சனின் ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ 1984 ஏப்ரலில் யேல் ரெபர்டரியில் அவர் இயக்கத்தில் அரங்கேறி, அதே ஆண்டு அக்டோபரில் பிராட்வே சென்றது. ஒரு புதிய நாடகம் ஒத்திகைக் கூடத்தில் வெட்டப்பட்டும் சேர்க்கப்பட்டும் உருப்பெறுவதை மாணவர்கள் பக்கத்திலிருந்து காணும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

பிரிட்டன்: தொலைக்காட்சி நிறுவனம் தந்த சம்பளம்

பிரிட்டனில் கதை வேறுவிதமாக அமைந்தது. அங்கே நெடுங்காலம் இயக்குநர் பயிற்சி என்று எதுவும் முறையாக இல்லை. மாநில நகரங்களின் ‘ரெபர்டரி’ அரங்குகளே பள்ளிகளாக இருந்தன. மான்செஸ்டரில் ஆனி ஹார்னிமன் 1908-இல் கெயிட்டி அரங்கை நடத்தத் தொடங்கினார். பர்மிங்காமில் பாரி ஜாக்சன் 1913-இல் தம் ரெபர்டரி அரங்கைத் திறந்தார். அந்த பர்மிங்காம் அரங்கில்தான் 1945-இல் இருபது வயதுப் பீட்டர் புரூக் நாடகம் இயக்கினார். பாரி ஜாக்சன் போன்ற ஒருவரின் கண்ணில் பட்டவருக்குக் கதவு திறந்தது. மற்றவர்க்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் நாடக மன்றங்களே வழி. அப்பல்கலைக்கழகங்களில் படிக்காதவருக்கு அந்த வழியும் இல்லை.

1946-இல் கலைக் கழகம் என்ற அமைப்பு தோன்றி, அரசுப் பணம் அரங்குகளுக்கு வரத் தொடங்கியது. போருக்குப் பின் கட்டப்பட்ட முதல் நகராட்சி அரங்கான கோவென்ட்ரியின் பெல்கிரேட் அரங்கு 1958-இல் திறக்கப்பட்டது. மேடைகள் பெருகின, அவற்றை நடத்த இளம் இயக்குநர்கள் தேவைப்பட்டனர். இந்நிலையில் 1960-இல், வட இங்கிலாந்திலும் நடுப்பகுதியிலும் வார இறுதி ஒளிபரப்பு நடத்திவந்த ஏபிசி என்ற வணிகத் தொலைக்காட்சி நிறுவனம், இளம் இயக்குநர்களை மாநில அரங்குகளில் அமர்த்தி அவர்களுக்குச் சம்பளம் தரும் திட்டத்தைத் தொடங்கியது.

இத்திட்டத்தின் பயனைக் காட்ட இரண்டு பெயர்கள் போதும். மின்பணியாளரின் மகனான கென் லோச், 1961-இல் இதன்வழி நார்த்தாம்ப்டன் ரெபர்டரி அரங்கில் பயிற்சி இயக்குநரானார். 1963-இல் பிபிசியில் சேர்ந்து, 1966-இல் வீடற்றவர் நிலையைப் பேசிய ‘கேத்தி கம் ஹோம்’ என்ற தொலைக்காட்சி நாடகத்தை இயக்கினார். இப்ஸ்விச் நகரத்துத் தச்சரின் மகனான டிரெவர் நன், 1962-இல் கோவென்ட்ரி பெல்கிரேட் அரங்கில் பயிற்சி பெற்றார். 1968-இல், 28-ஆம் வயதில், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் கலைத் தலைவரானார். உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்த இருவரும் மேடையேற அந்தச் சம்பளம் உதவியது. எனினும் லோச் ஆக்ஸ்ஃபோர்டிலும் நன் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திட்டம் கதவை அகலமாக்கியது. கதவு இருந்த இடம் மாறவில்லை.

ஏபிசி 1968-இல் தேம்ஸ் தொலைக்காட்சியாக உருமாறிய பின்னரும் திட்டம் வெவ்வேறு ஆதரவாளர்களுடன் தொடர்ந்தது. பின்னாளில் ‘மாநில அரங்கு இளம் இயக்குநர் திட்டம்’ என்ற பெயரில், 18 மாத உறைவிடப் பயிற்சியை அளிக்கும் அமைப்பாக வளர்ந்தது.

லண்டனில் ஜார்ஜ் டெவைன் 1956-இல் ராயல் கோர்ட் அரங்கில் தொடங்கிய இங்கிலிஷ் ஸ்டேஜ் கம்பெனி வேறொரு வழியைக் காட்டியது. ஞாயிறு இரவுகளில், அரங்கப் பொருள்கள் இன்றி, மிகக் குறைந்த செலவில் ஒரு நாடகத்தை நிகழ்த்த அங்குள்ள உதவி இயக்குநர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. பீட்டர் கில் 1965-இல் அவ்வாறு அரங்கேற்றிய டி. எச். லாரன்ஸின் ‘எ காலியர்ஸ் ஃப்ரைடே நைட்’, அதுவரை பெரிதும் கவனிக்கப்படாத லாரன்ஸின் நாடகங்களுக்கு மறுவாழ்வு தந்தது. செலவு குறைவு என்பதால் தோல்விக்கும் அங்கே இடம் இருந்தது.

பல்கலைக்கழகங்கள் இத்துறைக்குப் பிந்தியே வந்தன. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 1947-இல் நாட்டின் முதல் நாடகத் துறையைத் தொடங்கியபோதும், அது தொழிற்பயிற்சியை நோக்கமாகக் கொள்ளவில்லை. கெனெத் ரீ தயாரித்து 1989-இல் குல்பென்கியன் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை, நாடகம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்று துறை இயக்குநர்களின் பயிற்சி குறித்து நாடு தழுவிய விசாரணை நடத்தியது. முறையான பயிற்சியின் குறை அதன்பின் பொதுப் பேச்சானது. அடுத்து வந்த ஆண்டுகளில் முதுநிலைப் படிப்புகள் பெருகின. உழைக்கும் மக்களின் கல்விக்காக 1823-இல் தோன்றிய லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் இரண்டாண்டு நாடக இயக்கப் படிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. முதல் ஆண்டில் வகுப்பும் பட்டறையும்; இரண்டாம் ஆண்டில் மாணவர் ஓர் அரங்கில் இணைந்து பணியாற்றுவார். பழைய ரெபர்டரிப் பழக்கமும் பல்கலைக்கழகப் பட்டமும் இவ்வாறு ஒன்றிணைந்தன.

பயிற்சிக் காலத்தில் கற்பது

அரங்கில் சேரும் மாணவர் பெரும்பாலும் உதவி இயக்குநராகவே தொடங்குகிறார். நாடகம் நிகழும் காலம், இடம், வழக்காறுகள் பற்றித் தகவல் திரட்டித் தருவது முதல் வேலை. ஒத்திகையில் நடிகர் நிற்கும் இடங்களையும் அசைவுகளையும் குறித்துக்கொள்வது, கூட்டக் காட்சியிலோ குழந்தை நடிகர்களுடனோ தனியே பயிற்சி நடத்துவது, தொழில்நுட்ப ஒத்திகையின்போது இயக்குநர் சொல்லும் குறிப்புகளை எழுதுவது ஆகியவை அடுத்து வரும். ஒத்திகைக் கூடத்தில் எழுதப்படாத ஒரு மரபு உண்டு: உதவி இயக்குநர் நடிகரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்வதில்லை, இயக்குநர் வழியாகவே சொல்வார். எதைச் சொல்வது, எப்போது சொல்வது, எப்போது பேசாதிருப்பது என்பதை மாணவர் இங்கேதான் அறிகிறார்.

அரங்கேற்றம் முடிந்ததும் இயக்குநர் அடுத்த வேலைக்குச் சென்றுவிடுவார். பிரிட்டன் போன்ற நாடுகளில், அதன்பின் நாடகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உதவி இயக்குநரிடம் வரும். நாள்தோறும் நிகழும் நாடகத்தில் மெல்ல மெல்ல வேகம் தளரும். சிரிப்புக்காக ஒரு நடிகர் ஒரு சொல்லை நீட்டுவார். இவற்றைக் கவனித்துச் சீர்செய்வதும், மாற்று நடிகர்களுக்கு ஒத்திகை நடத்துவதும் அவர் வேலை. வகுப்பறை நாடகம் ஓரிரு இரவுகளில் முடிந்துவிடுவதால் இந்தப் பாடம் அங்கே கிடைப்பதில்லை. பெரிய அரங்குகளில் இவற்றோடு புதிய பிரதிகளைப் படித்து அறிக்கை தருதல், நடிகர் தேர்வு, வரவுசெலவுத் திட்டம், பள்ளிகளுடனான பணி ஆகியவையும் சேரும்.

இந்தியா: கம்பெனியும் கல்லூரியும்

இந்தியாவில் தொழிலிடமே பள்ளியாக இருந்த மரபு பழையது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் தங்கி, உண்டு, நடித்துக் கற்றனர். கம்பெனி வாத்தியாரே நாடகாசிரியர், பாட்டு ஆசிரியர், இயக்குநர். அந்தச் சபையில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-இல் தமக்கெனக் கம்பெனி தொடங்கும் அளவுக்குத் தொழில் அறிந்தவர்களாயினர்.

புதிய கல்விமுறை 1959-இல் டெல்லியில் சங்கீத நாடக அகாதெமி நிறுவிய தேசிய நாடகப் பள்ளியோடு வந்தது. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காஸி, லண்டன் ராயல் அகாதெமியில் பயின்றவர். 1964-இல் பள்ளியின் ரெபர்டரி கம்பெனி தோன்றியது. யேலில் தொழில்முறை அரங்கு வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இது நடந்தது. பட்டம் பெற்றவர்கள் உடனே சேர்ந்து சம்பளத்துடன் தொழிலைத் தொடர அது இடமளித்தது.

இரு மரபுகளையும் தம் வாழ்வில் இணைத்தவர் பி. வி. காரந்த். கர்நாடகத்தின் குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சிறுவயதில் சேர்ந்தவர். வீரண்ணாவே அவரை உயர்கல்விக்குக் காசிக்கு அனுப்பினார். பின்னர் தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, 1977-இல் அதன் இயக்குநரானார். போபாலில் ரங்கமண்டலையும், 1989-இல் மைசூரில் ரங்காயணத்தையும் உருவாக்கினார். பள்ளியை விட்டு வெளிவருபவர் பணியாற்ற மாநிலந்தோறும் நிலையான குழுக்கள் வேண்டும் என்ற தேவைக்கு இவை விடையாயின. சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு கிராமத்தில் கே. வி. சுப்பண்ணா 1980-இல் தொடங்கிய நீனாசம் நாடகப் பள்ளி இன்னும் எளிய விடையைக் கண்டது. 1985 முதல் அதன் ‘திருகாட்ட’ என்ற பயணக் குழு ஊர் ஊராகச் சென்று நாடகம் நிகழ்த்துகிறது. அதில் பள்ளியில் பயின்றவர்கள் தொழில் பழகுகின்றனர்.

தேசிய நாடகப் பள்ளியில் அல்காஸியிடம் பயின்ற செ. இராமானுஜம், 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை வழியாக நவீன இயக்க முறையைத் தமிழகத்தில் பரப்பினார். பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பணியாற்றினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரே சூட்டப்பட்டது. தமிழில் இயக்கம் கற்க இடம் உருவாயிற்று. ஆனால் கற்றவரை ஏற்று மாதச் சம்பளம் தரும் ரங்காயணம் போன்ற ஒரு நிலையான அரசுக் குழு இங்கு உருவாகவில்லை. பாய்ஸ் கம்பெனிகளும் மறைந்துவிட்டன. ஆகவே தமிழ் நாடக மாணவர்களில் பலருக்குத் தொழிலிடம் என்பது நண்பர்களின் சிறு குழுவாகவோ திரைப்படத் துறையாகவோ அமைகிறது.

ஊதியம் என்ற கேள்வி

தொழிலிடப் பயிற்சி குறித்த இன்றைய விவாதம் பெரும்பாலும் ஊதியம் பற்றியது. பிரிட்டனில் 1998-இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் உயர்கல்வியின் ஒரு பகுதியாக ஓராண்டுக்குட்பட்ட பயிற்சியில் இருக்கும் மாணவருக்கு அந்த ஊதியம் தரவேண்டியதில்லை என்ற விலக்கும் உண்டு. 1960-இன் திட்டத்தில் பயிற்சியாளர் சம்பளம் பெற்றார். பட்டப்படிப்பின் வழியே அதே அரங்குக்குச் செல்லும் மாணவரோ, சம்பளம் இன்றிப் பணிபுரிவதோடு கல்லூரிக்குக் கட்டணமும் செலுத்த நேரிடலாம். வாடகைக்கும் உணவுக்கும் குடும்பம் பணம் அனுப்ப முடிந்தவரே அந்த ஓராண்டைத் தாக்குப்பிடிக்க முடியும். அவ்வாறு தாக்குப்பிடித்தவரிடையிலிருந்தே நாளைய கலைத் தலைவர்கள் தேர்வாகின்றனர். எந்தக் கதைகள் மேடையேறும், யாருடைய வாழ்க்கை மேடையில் தெரியும் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

இதற்கு மாற்றும் முயலப்பட்டுள்ளது. டேவிட் கெஃபன் 2021-இல் அளித்த 15 கோடி டாலர் நன்கொடையால் யேல் நாடகப் பள்ளி மாணவர் அனைவருக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கியது. பிரிட்டனில் அறக்கட்டளைகளின் உதவித்தொகைகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் இவை கொடையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை.

மாஸ்கோவில் அரசும், கோவென்ட்ரியில் தொலைக்காட்சி நிறுவனமும், நியூ ஹேவனில் பல்கலைக்கழகமும், ஹெக்கோட்டில் ஒரு கிராமமும் இளம் இயக்குநருக்கு மேடையைத் தந்தன. இவ்விடங்களில் எல்லாம் பொதுவாகக் காணப்படுவது இரண்டு: ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு குழு, பயிற்சியாளர் பிழைத்திருக்கத் தேவையான ஓர் ஏற்பாடு. இவ்விரண்டில் ஒன்று குறைந்த இடங்களில் படிப்பு சான்றிதழோடு நின்றுபோயிற்று, அல்லது வசதியுள்ளவரின் தொழிலாயிற்று. நாடக இயக்கப் படிப்பைத் தேர்ந்தெடுக்க எண்ணும் மாணவர், பாடத்திட்டத்தைப் பார்ப்பதோடு, அக்கல்லூரி எந்த அரங்குடன் இணைந்துள்ளது, அங்கே எவ்வளவு காலம், என்ன பொறுப்பு, என்ன உதவித்தொகை என்பவற்றையும் கேட்டறிவது நன்று.